நிரம்பிய தாங்கியும் நிற்காத நீரும்

பௌதிகவியலில் அமுக்கம், மிதப்பு, தர்க்கப் படலைகள் ஆகியவற்றை வெவ்வேறு அலகுகளில், வெவ்வேறு தவணைகளில் படிக்கிறோம். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லாதது போலத்தான் அவை பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் குசினியின் மூலையில் வைத்திருக்கும் நீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், இந்த மூன்றும் ஒரே வேலைக்காகக் கூடியிருப்பதைக் காணலாம். தாங்கி நிரம்பியதும் இயந்திரத்தைத் தானாக நிறுத்துவதே அந்த வேலை.

இது ஒரு சின்ன விடயம் போலத் தோன்றலாம். தாங்கி நிரம்பினால் நீர் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தாங்கிக்குள் வரும் நீரை நிறுத்துவது வேறு, இயந்திரத்தை நிறுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாத வீடுகளில் இரவு பகலாக நல்ல நீர் வடிகானுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை மாணவிகளும் பெற்றோரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டு வாய் கொண்ட இயந்திரம்

செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு மென்சவ்வு ஊடாக நீர் தானாகச் செல்வதைப் பிரசாரணம் என்று உயிரியலில் படித்திருக்கிறோம். செறிவு கூடிய பக்கத்தில் போதிய அமுக்கத்தைக் கொடுத்தால் நீர் எதிர்த் திசையில் செல்லும். உப்புகள் பின்னால் தங்கிவிடும். இதுவே நேர்மாறு பிரசாரணம். கடைகளில் இதை 'ஆர்.ஓ.' என்பார்கள். இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த மென்சவ்வை 1960 அளவில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருவர் உருவாக்கினர். ஒருவர் சிட்னி லோப், மற்றவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன்.

சாதாரண வடிகட்டிக்கு நீர் வெளியேற ஒரு வழிதான் உண்டு. நேர்மாறு பிரசாரண இயந்திரத்துக்கு இரண்டு வழிகள். ஒன்றால் குடிநீர் தாங்கிக்குச் செல்கிறது. மற்றதால் உப்புகளைச் சுமந்த கழிவுநீர் வடிகானுக்குச் செல்கிறது. கழிவுநீர் ஓடிக்கொண்டே இருக்காவிட்டால் உப்புகள் மென்சவ்வில் படிந்து அதை அடைத்துவிடும். ஆகவே கழிவு வழியை முற்றாக மூடிவைக்க முடியாது.

எங்கள் வீட்டில் இந்த இயந்திரத்தைப் பூட்டிய பிறகு ஒரு நாள் உம்மா கேட்டார்: "தாங்கி நெரம்பிட்டுத்தானே, பொறகு ஏன் இந்தச் சின்னக் குழாயில தண்ணி ஓடுது?" நல்ல கேள்வி அது. தாங்கி நிரம்பியதும் குடிநீர்க் குழாயில் எதிர் அமுக்கம் உண்டாகி, மென்சவ்வு ஊடாக நீர் வருவது குறைந்து நின்றுவிடுகிறது. ஆனால் இயந்திரத்துக்குள் வரும் வாய் திறந்தே இருக்கிறது. கழிவு வாயும் திறந்தே இருக்கிறது. ஆகவே உள்ளே வரும் நீர் முழுவதும், ஒரு துளிகூடக் குடிநீராகாமல், நேராக வடிகானுக்குப் போகிறது.

அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கழிவுக் குழாயில் நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் செல்கிறது எனக் கொள்வோம். பார்ப்பதற்கு அது நூல் போன்ற ஓட்டம்தான். ஒரு மணித்தியாலத்தில் 12 லீற்றர். ஒரு நாளில் 288 லீற்றர். 30 நாட்களில் 8640 லீற்றர். தண்ணீர்க் கட்டணச் சிட்டையில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். எனவே மாதத்துக்கு எட்டு அலகுகளுக்கும் மேல் வீணாகிறது. பாவிக்கும் அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது என்பதைப் பெற்றோர் நன்கு அறிவார்கள்.

அமுக்கத்தால் தானே மூடும் வால்வு

இதற்கான விடை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. தானியங்கி மூடு வால்வு என்று அதைச் சொல்லலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை. அதில் நான்கு துவாரங்கள் உண்டு. இரண்டின் ஊடாக உள்வரும் நீர் செல்கிறது. மற்ற இரண்டின் ஊடாகக் குடிநீர் தாங்கிக்குச் செல்கிறது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே ஒரு இறப்பர்ச் சவ்வும் ஒரு சிறு முளையும் இருக்கின்றன.

இங்கே நாம் படித்த சமன்பாடு ஒன்று வேலைசெய்கிறது. விசை என்பது அமுக்கத்தையும் பரப்பையும் பெருக்க வருவது. குடிநீர்ப் பக்கத்தில் சவ்வின் பரப்பு பெரிது, உள்வரும் நீரின் பக்கத்தில் சிறிது. பரப்புகள் 3 : 2 என்ற விகிதத்தில் இருக்கின்றன எனக் கொள்வோம். உள்வரும் நீரின் அமுக்கம் 3 பார் ஆயின் அப்பக்க விசை 3 × 2 = 6 பங்கு. தாங்கியின் அமுக்கம் 2 பாரை அடையும்போது மறுபக்க விசையும் 2 × 3 = 6 பங்கு. அதற்கு மேல் சிறிது கூடினாலும் முளை தள்ளப்பட்டு, உள்வரும் வாய் மூடிக்கொள்ளும். இவ்வாறு தாங்கியின் அமுக்கம் உள்வரும் அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடைந்ததும் மூடும்படியே இவ்வால்வுகள் செய்யப்படுகின்றன. உள்வாய் மூடியதும் கழிவும் தானாக நின்றுவிடும். வருவதற்கு நீர் இல்லாதபோது போவதற்கு ஏது?

குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் எடுத்ததும் தாங்கியின் அமுக்கம் குறையும். சவ்வு பின்வாங்கும். இயந்திரம் மீண்டும் வேலையைத் தொடங்கும்.

ஆனால் இந்த வால்வு தனியாக நின்று வேலைசெய்யாது. அதற்கு ஒரு துணை வேண்டும். அதுதான் ஒருவழி வால்வு. உள்வாய் மூடியதும் மென்சவ்வின் முன்பக்க அமுக்கம் கழிவுக் குழாய் வழியே இறங்கிவிடும். அப்போது தாங்கியிலிருக்கும் நீர் பின்னோக்கித் தள்ளும். ஒருவழி வால்வு அதைத் தடுக்காவிட்டால் இரண்டு கெடுதல்கள் உண்டாகும். பின்னோக்கிய அமுக்கம் மென்சவ்வைக் கெடுக்கும். அத்தோடு மூடு வால்வைப் பிடித்துவைத்திருக்கும் அமுக்கம் குறைந்து, மூடிய வாய் மீண்டும் திறக்கும். இயந்திரம் நிற்பதும் ஓடுவதுமாக இரவைக் கழிக்கும். மூடு வால்வு நன்றாக இருந்தும் நீர் வீணாகும் பல இடங்களில் இச்சிறு துணை வால்வே பழுதாகியிருக்கும்.

கூரைத் தாங்கி இருக்கும் வீடுகளில்

பிலிமத்தலாவை மேடும் பள்ளமுமான ஊர். பெரும்பாலான வீடுகளில் நீரைக் கூரைத் தாங்கியில் சேர்த்துவைத்தே பாவிக்கிறோம். கூரைத் தாங்கியின் நீர்மட்டம் இயந்திரத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருக்கிறது எனக் கொள்வோம். உயரம், அடர்த்தி, ஈர்ப்பு ஆர்முடுகல் மூன்றையும் பெருக்கினால் 4 × 1000 × 10 = 40 000 பாஸ்கால், அதாவது 0.4 பார். வீட்டு மென்சவ்வு நன்றாக வேலைசெய்ய ஏறத்தாழ 3 பார் வேண்டும். அந்த அமுக்கத்தை உயரத்தால் மட்டும் பெறுவதென்றால் தாங்கியை 30 மீற்றர் உயரத்தில், ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைக்க வேண்டும்! எனவேதான் இவ்வாறான வீடுகளுக்கான இயந்திரங்களில் ஒரு சிறு மின்பம்பியும் வைக்கப்படுகிறது.

பம்பி வந்தவுடன் நிறுத்தும் முறையும் மாறுகிறது. தாங்கிக்குச் செல்லும் குழாயில் ஓர் அமுக்க ஆளி பூட்டப்படுகிறது. தாங்கி நிரம்பி அமுக்கம் குறித்த அளவை அடைந்ததும் அந்த ஆளி பம்பிக்கான மின்னை வெட்டுகிறது. உள்வரும் பக்கத்திலும் ஓர் அமுக்க ஆளி இருப்பது நல்லது. கூரைத் தாங்கி வெறுமையானால் பம்பி நீரின்றி ஓடிச் சூடாகாமல் அது காப்பாற்றும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பி நின்றால் நீரும் நின்றது என்று எண்ணக் கூடாது. பம்பி நின்ற பிறகும் கூரைத் தாங்கியின் 0.4 பார் அமுக்கம் இருக்கத்தானே செய்கிறது! அது பம்பியின் ஊடாகவே நீரை மெல்லத் தள்ளிக் கழிவுக் குழாயால் வெளியேற்றும். ஆகவே பம்பியுடன் சேர்த்து, உள்வாயில் ஒரு மின்காந்த வால்வும் பூட்டப்பட வேண்டும். மின் இருக்கும்போது திறந்து, மின் இல்லாதபோது வில்லின் விசையால் மூடிக்கொள்ளும் வகையாக அது இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின் போனால் திறந்துகொள்ளும் வால்வாக இருந்தால் அத்தனை மணித்தியாலமும் நீர் ஓடியிருக்கும். மின் போனால் மூடிக்கொள்ளும் வால்வாயின் கவலையில்லை. ஒரு சாதனம் கெட்டுப்போகும்போதும் பாதுகாப்பான பக்கத்திலேயே கெட வேண்டும் என்பது பொறியியலின் முக்கிய பாடங்களில் ஒன்று.

திறந்த தாங்கியும் மிதவையும்

இதுவரை கூறியவை மூடிய அமுக்கத் தாங்கிகளுக்கு உரியவை. பாடசாலை, பள்ளிவாசல், கிராமத்துக் குடிநீர் நிலையம் போன்ற இடங்களில் 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கிகளே உள்ளன. அவற்றினுள் வளி அமுக்கப்படுவதில்லை. ஆகவே அமுக்கத்தை வைத்து அது நிரம்பியதை அறிய முடியாது. இங்கே மிதவையின் உதவி தேவை.

மிதவையால் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவது புதிய யோசனை அல்ல. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் தனது நீர்க் கடிகாரத்தில் மிதவையைப் பாவித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் ஆகிய மூவரும் 'கிதாபுல் ஹியல்' என்ற நூலில் ஏறத்தாழ நூறு கருவிகளை விவரித்தனர். மட்டம் குறைந்தால் தானே நிரப்பி, நிரம்பினால் தானே நிறுத்தும் பாத்திரங்களும் அவற்றுள் அடங்கும். இன்று மலசலகூடத்து நீர்த்தொட்டியில் பந்து மேலெழுந்து வாயை மூடுகிறதே, அது அந்த நீண்ட மரபின் பிள்ளைதான்.

கூரைத் தாங்கிக்கு ஒரு மிதவை வால்வு போதும். ஆனால் சுத்திகரிப்பு இயந்திரத்தின் குடிநீர்க் குழாயில் மிதவை வால்வை மட்டும் பூட்டினால் முன்பு கூறிய அதே பிரச்சினை வரும். குடிநீர் நிற்கும், கழிவு ஓடும். எனவே மிதவை வால்வுடன் தானியங்கி மூடு வால்வையும் சேர்க்க வேண்டும். அல்லது மிதவையை ஓர் ஆளியாக்கி, அது பம்பியையும் மின்காந்த வால்வையும் ஒன்றாக நிறுத்தும்படி செய்ய வேண்டும்.

ஒரே மிதவையாளி இருந்தால் இன்னொரு சிக்கல். ஒருவர் ஒரு போத்தல் நீர் எடுத்ததும் மட்டம் சற்றுக் குறையும். பம்பி ஓடும். உடனே நிரம்பும், நிற்கும். அடுத்தவர் எடுப்பார், மீண்டும் ஓடும். இவ்வாறு அடிக்கடி ஓடி நிற்பது பம்பிக்கு நல்லதல்ல. இதற்காகவே இரண்டு மிதவைகள் வைக்கப்படுகின்றன. கீழ் மிதவை 400 லீற்றர் மட்டத்திலும் மேல் மிதவை 900 லீற்றர் மட்டத்திலும் இருக்கின்றன எனக் கொள்வோம். நீர் மிதவையைத் தொட்டால் 1, தொடாவிட்டால் 0 என்று எழுதுவோம்.

கீழ் 0, மேல் 0 எனின் நீர் குறைவு. பம்பி ஓட வேண்டும்.

கீழ் 1, மேல் 1 எனின் தாங்கி நிரம்பிவிட்டது. பம்பி நிற்க வேண்டும்.

கீழ் 1, மேல் 0 எனின் நீர் இடையில் நிற்கிறது. முன்பு ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து ஓட வேண்டும். முன்பு நின்றிருந்தால் நின்றபடியே இருக்க வேண்டும்.

இந்த மூன்றாம் நிலையில் மிதவைகள் சொல்வது மட்டும் போதாது. சற்று முன் என்ன நடந்தது என்ற ஞாபகமும் வேண்டும். அந்த ஞாபகத்தைத் தருவது எழுவீழ்ச் சுற்று. இரண்டு இல்-அல்லது படலைகளைக் குறுக்கே இணைத்து நாம் வரையும் அதே சுற்றுத்தான். கீழ் மிதவையின் குறிப்பை இல் படலையால் மாற்றி ஒரு பெய்ப்புக்கும், மேல் மிதவையின் குறிப்பை மற்றப் பெய்ப்புக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது.

நான்காவது நிலை ஒன்றும் மிச்சமிருக்கிறது. கீழ் 0, மேல் 1. அதாவது மேலே நீர் இருக்கிறது, கீழே இல்லை! அப்படி நடக்கவே முடியாது. இது எழுவீழ்ச் சுற்றின் இரண்டு பெய்ப்புகளும் 1 ஆகும் நிலை. 'பாவிக்கக் கூடாத நிலை' என்று வகுப்பில் மனனம் செய்தபோது அதற்கு ஏதும் பொருள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாங்கியில் வைத்துப் பார்க்கும்போது பொருள் தெளிவாகிறது: ஒரு மிதவை பழுதாகிவிட்டது. அப்போது பம்பியை நிறுத்தி, ஒரு சிவப்பு மின்குமிழை எரியவிடுவதே சரியான வடிவமைப்பு.

மேல் மிதவையின் கம்பி அறுந்தால் என்ன செய்வது? அறுந்த கம்பி 'இன்னும் நிரம்பவில்லை' என்று சொல்லுமானால் நீர் வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே நிரம்பாதபோது சுற்று மூடியும் நிரம்பியதும் திறந்தும் இருக்கும்படி அந்த ஆளியை இணைக்க வேண்டும். அப்போது கம்பி அறுந்தாலும் 'நிரம்பிவிட்டது' என்ற செய்தியே கிடைக்கும். இயந்திரம் நிற்கும். யாராவது வந்து பார்ப்பார்கள்.

மிதவைக்குப் பதிலாக இரண்டு உலோகக் கம்பிகளை நீரில் இட்டு, நீர் ஊடாக மின் செல்வதைக் கொண்டு மட்டத்தை அறியும் சுற்றுகளைப் பாடசாலைச் செயற்றிட்டங்களில் பார்த்திருப்பீர்கள். கிணற்று நீருக்கு அவை சரிவரலாம். சுத்திகரித்த நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் அது மின்னை நன்றாகக் கடத்தாது. மேலும் நேரோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தினால் மின்பகுப்பு நடந்து கம்பிகள் அரிக்கப்படும். குடிநீரில் உலோகம் கரைவதை யார் விரும்புவார்கள்? எனவே குடிநீர்த் தாங்கிக்கு மிதவையே உகந்தது.

குளத்துக்கு வான் இருப்பதைப் போல ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு வழிவுக் குழாய் அவசியம். அதைச் சுவருக்குப் பின்னால் மறைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் முடிப்பது நல்லது. எல்லாச் சாதனமும் கைவிட்ட பிறகு மிச்சமிருப்பது நம் கண்தான்.

ரஜரட்டையில் இதன் பெறுமதி

கண்டிப் பகுதியில் நாம் மகாவலியின் நீரைப் பாவிக்கிறோம். கெட்டம்பை, மீவத்துரை ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. சுத்திகரித்து வரும் குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடித்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். நேர்மாறு பிரசாரண இயந்திரத்தை வாங்கும் முன், தமது நீரில் உப்பும் கடினத்தன்மையும் உண்மையில் அதிகமா என்று பெற்றோர் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் வடமத்திய மாகாணத்தின் நிலை வேறு. அங்கே 1990களிலிருந்து விவசாயக் குடும்பங்களிடையே காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாக அறியப்பட்டது. மதவாச்சி, பதவியா போன்ற பிரதேசங்களின் பெயர்களை அந்நோயுடன் சேர்த்தே நாம் கேட்டிருக்கிறோம். நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சந்தேகிக்கப்படும் காரணிகளுள் அடங்கும். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இலங்கை–சீன நீர்த் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையமும் இது தொடர்பாக ஆய்வு செய்கிறது. இலங்கைக் கடற்படையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் கிராமிய அமைப்புகளும் அங்கு நூற்றுக்கணக்கான நேர்மாறு பிரசாரண நிலையங்களை அமைத்துள்ளன. மக்கள் கேன்களைச் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் ஏற்றி வந்து குடிநீர் பெற்றுச் செல்கின்றனர்.

அங்கே கழிவுநீர் வெறும் நீரல்ல. உள்ளெடுத்த நீரில் பாதியைக் குடிநீராக்கினால், உப்புகள் அனைத்தும் மற்றப் பாதியில் தங்கும். அதன் செறிவு ஏறத்தாழ இரு மடங்காகும். நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் வயலுக்குப் போன நேரத்தில் தாங்கி நிரம்பி வழியுமானால், மின்னையும் மென்சவ்வையும் செலவழித்துப் பெற்ற குடிநீர் மண்ணில் போகிறது. அதைப் பெறுவதற்காக வெளியேற்றிய கழிவும் பயனின்றிப் போகிறது. கோடையில் மட்டம் இறங்கும் நிலத்தடி நீரிலிருந்துதான் இரண்டும் எடுக்கப்படுகின்றன. எங்களுக்குச் சில அலகுகளின் கட்டணமாகத் தெரிவது, அங்கே இன்னொரு வீட்டின் குடிநீர்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய பரிசோதனை

இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கடிகாரமும் ஓர் அளவுச் சாடியும் போதும்.

முதலில் இயந்திரம் ஓடும்போது கழிவுக் குழாயை ஒரு நிமிடம் சாடியில் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு தாங்கியின் மேலுள்ள வால்வை மூடுங்கள். குடிநீர்க் குழாயையும் திறக்க வேண்டாம். இப்போது தாங்கி நிரம்பியது போன்ற நிலையை இயந்திரம் உணரும். சில நிமிடங்களில் கழிவுக் குழாய் முற்றாக நிற்க வேண்டும். நின்றால் உங்கள் இயந்திரம் சரி.

நிற்காவிட்டால் மூடு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சில இயந்திரங்களில் அது பூட்டப்படுவதே இல்லை. இருந்தும் நிற்காவிட்டால் அதுவோ ஒருவழி வால்வோ பழுதாகியிருக்கலாம். சற்று நேரம் நின்று மீண்டும் தானாக ஓடத் தொடங்கினால் ஒருவழி வால்வையே முதலில் சந்தேகியுங்கள். இயந்திரத்தில் பம்பி இருந்தால், அதன் சத்தம் நின்ற பிறகும் கழிவு சொட்டுகிறதா என்று கவனியுங்கள். சொட்டினால் மின்காந்த வால்வு மூடவில்லை. இவற்றை மாற்றும் வேலையை இயந்திரம் பூட்டத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். என்ன கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இயந்திரம் ஒழுங்காக நின்றாலும், ஓடும் நேரத்தில் கழிவுநீர் வரத்தான் செய்யும். அதை ஒரு வாளியில் சேர்த்து நிலம் கழுவவும் மலசலகூடத்துக்கும் பாவிக்கலாம். உப்பு அதிகமுள்ள பிரதேசங்களில் அதைப் பயிருக்கு ஊற்றாமல் விடுவது நல்லது. உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

ஓடும் ஆற்றங்கரையில் வுழூச் செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையைச் சிறு வயதிலேயே கற்றோம். ஆற்றின் கரையிலேயே அப்படியென்றால், பம்பி போட்டு, மின் செலவழித்து, வடிகட்டிப் பெறும் நீருக்கு நாம் எவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்! தொழினுட்பப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவிலும் படிக்கும் சகோதரிகள் அடுத்த செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடினால், இரண்டு மிதவையாளிகளும் ஓர் எழுவீழ்ச் சுற்றும் ஒரு சிவப்பு மின்குமிழும் கொண்ட கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைச் செய்து பார்க்கலாம். பாடசாலைத் தாங்கியில் அதைச் சோதித்து, குறைகளைத் திருத்தி, குடிநீர் நிலையம் ஒன்றுக்குக் கொடுக்க முடிந்தால் அதைவிடப் பயனுள்ள செயற்றிட்டம் வேறென்ன இருக்க முடியும்? மூன்று அலகுகளில் நாம் படித்த பாடம் பரீட்சைத் தாளுக்கு வெளியிலும் ஒரு வீட்டுக்குக் குடிநீரை மிச்சப்படுத்திக் கொடுக்கும்.